வயிறு ஒண்ணு சொல்லுது, பாதம் ஒண்ணு சொல்லுது

— அப்போ என் கையைத்தான் சந்தேகப்படுறீங்க.

— கையை இல்லம்மா, கைக்கு அடியில போற இந்த ஒயரை. விஷயம் என்னன்னா, இந்த இன்குபேட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. காலையிலேர்ந்து கழட்டி மாட்டிப் பாத்துட்டேன். ஹீட்டர் சரியா இருக்கு, ஃபேன் சரியா இருக்கு. நேத்து உங்க குழந்தையை வேற பெட்டியில மாத்தி வச்சாங்கல்ல? அதுலயும் இதே கதைதான். எந்தப் பெட்டியில வச்சாலும் மத்தியானமானா குழந்தை குளிர்ந்துடுது.

— எங்க குளிருது? இதோ ஸ்கிரீன்ல முப்பத்தாறரை. நான் இங்க வந்ததுலேர்ந்து எப்போ பாத்தாலும் முப்பத்தாறரை. என் வாழ்க்கையில இவ்வளவு ஒழுங்கா வேற எதுவும் நடந்ததில்லண்ணே.

— சிஸ்டர் அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. ஸ்கிரீன் ஒண்ணு சொல்லுது, அக்குள் வேற ஒண்ணு சொல்லுது.

— நாம யாரை நம்பறது?

— அக்குளை. அதுக்குப் பொய் சொல்ல வராது.

— சிரிக்க வைக்காதீங்க. தையல் போட்ட இடம் சுருக்குங்குது.

— சரி, சிரிக்காம கேளுங்க. வயித்துல வெள்ளித்தாள் மாதிரி பளபளன்னு ஒண்ணு ஒட்டியிருக்கா? அதுக்கு அடியில பொட்டு அளவுக்கு ஒரு சென்சார் இருக்கு. இவனுக்கு உலகத்துல தெரிஞ்சதெல்லாம் அந்தப் பொட்டு மட்டும்தான்.

— இவனா? அது பொண்ணுண்ணே. பேரு சுண்டு. இப்போதைக்கு.

— நான் மெஷினைச் சொன்னேன். எனக்கு மெஷின்னா இவன், அவன்தான். பழகிப்போச்சு. பொட்டு "குளிருது"ன்னா இவன் ஹீட்டரைக் கூட்டுவான், "சூடு"ன்னா குறைப்பான். ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டான். அந்தப் பொட்டு மேல வேற ஏதாவது சூடா வந்து உக்காந்தா, சூடு குழந்தைக்குத்தான்னு நினைச்சு ஹீட்டரைக் குறைச்சிட்டு நிம்மதியா இருப்பான். ஸ்கிரீன்ல முப்பத்தாறரை நிக்கும். உள்ள குழந்தை குளிர்ல கிடக்கும்.

— வேற ஏதாவதுன்னா எது?

— வெளிய எரியற விளக்கா இருக்கலாம். ஜன்னல் வெயிலா இருக்கலாம். ஒரு உள்ளங்கையா இருக்கலாம்.

— நான் தலையைத்தான் தொடுவேன். ஒரு கை தலையில, ஒரு கை காலடியில, ஆடாம அசையாம வைக்கணும்னு சிஸ்டர்தான் சொல்லிக் குடுத்தாங்க. வேணும்னா கேட்டுக்கோங்க.

— நம்பறேன். மத்தியானம் நீங்க இங்கதான் இருப்பீங்களா?

— சாப்பிடப் போவேன். பால் எடுக்கற ரூமுக்குப் போவேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடுவேன். ஏன்?

— அப்போ குழந்தைகிட்ட யாரு?

— எங்க அக்கா.

— அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?

— வேணாம்ண்ணே. அவ பயந்த சுபாவம். நானே கேட்டுச் சொல்றேன்.

— என்ன சுண்டு அம்மா, மெக்கானிக்கை உக்கார வச்சுக் கதை பேசறியா? என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?

— மெஷின்ல தப்பு இல்ல சிஸ்டர். சென்சாரை ஏதோ ஏமாத்துது.

— ஏதோ இல்ல, யாரோன்னுதான் மேல பேசிக்கறாங்க. போன மாசம் பெரியவங்க வார்டுல துணைக்கு இருந்த ஒருத்தர், நோயாளி விரல்ல இருந்த சென்சாரைக் கழட்டித் தன் விரல்ல மாட்டிக்கிட்டுத் தூங்கிட்டாரு. அலாரம் கத்துதாம், தூக்கம் கெடுதாம். நாங்க ஸ்கிரீனைப் பாத்து, அடடா, தேறிட்டாரேன்னு சந்தோஷப்பட்டோம்.

— நோயாளிக்கு என்ன ஆச்சு சிஸ்டர்?

— நல்லவேளை, ஒண்ணும் ஆகல. ஆனா அதுலேர்ந்து பெரிய டாக்டருக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்ல. இங்க பாரு கண்ணு, உன் பொண்ணுக்கு எடை ஏறல. குளிரைத் தாங்கறதுக்கே குடிச்ச பால் எல்லாம் செலவாயிடுது. இந்த வாரத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா, இந்த வரிசை முழுக்கப் பெட்டியில கை விடற ஜன்னலைப் பூட்டச் சொல்லிட்டாரு. எங்க கை மட்டும்தான் உள்ள போகும்.

— பூட்டிட்டா நான் எப்படி அவளைத் தொடுவேன்?

— கண்ணாடி வழியா பாத்துக்கோ. எத்தனையோ ஆஸ்பத்திரியில அப்படித்தான்.

— அவளுக்கு என் முகம் தெரியாது சிஸ்டர். என் கை மட்டும்தான் தெரியும். நான் கை வச்சா கொட்டாவி விடுவா.

— சிஸ்டர், பூட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நாள் குடுங்க. இவனுக்குப் பின்னாடி இன்னொரு சென்சார் மாட்ட இடம் இருக்கு, யாரும் மாட்டறதில்ல. பாதத்துல ஒண்ணு ஒட்டுவோம். வயிறும் பாதமும் எப்பவும் ஒரே அளவா இருக்காது, பாதம் கொஞ்சம் குறைச்சலாத்தான் இருக்கும். ஆனா ஏறினா சேர்ந்து ஏறும், இறங்கினா சேர்ந்து இறங்கும். ஒண்ணு ஏறி இன்னொண்ணு இறங்கினா, ரெண்டுல ஒண்ணு பொய்.

— டாக்டரைக் கேட்டுட்டு வரேன். எந்தப் பாதம்?

— சுண்டு அம்மாவே சொல்லட்டும்.

— இடது பாதம். வலதை நான் பிடிச்சுக்கறேன்.

*

— வாங்கண்ணே. நேத்து ஒட்டினதை இவ ஒரு உதை உதைச்சா பாருங்க, சிஸ்டரே அசந்துட்டாங்க. என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? டீ குடிச்சீங்களா?

— குடிச்சேம்மா. உக்காருங்க. நேத்து மத்தியானம் நான் ஸ்டோர் ரூம்ல ஒரு ஸ்கிரீன் வச்சு ரெண்டு சென்சாரோட அளவையும் பாத்துக்கிட்டே இருந்தேன்.

— உள்ள வந்து பாத்திருக்கலாமே.

— பால் எடுக்கற நேரத்துல ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதில்ல. விஷயம் என்னன்னா, நீங்க சாப்பிடப் போன கொஞ்ச நேரத்துல வயிறு ஏறிச்சு. இவன் ஹீட்டரைக் குறைச்சான். பாதம் இறங்க ஆரம்பிச்சுது, இறங்கிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் திடீர்னு வயிறும் இறங்கிடுச்சு. அந்த நேரம்தான் கையை எடுத்திருக்காங்க. சிஸ்டரை வரச் சொல்லி நானே போன் பண்ணினேன். அவங்க வந்தப்போ குழந்தை மட்டும்தான் இருந்துச்சு.

— விளக்கு வெளிச்சமா இருக்கலாம்.

— விளக்கு எழுந்து போகாதும்மா.

— சிஸ்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?

— இன்னும் இல்ல. உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு வந்தேன்.

— அவங்க என் அக்கா இல்லண்ணே.

— சரி.

— திட்ட மாட்டீங்களா?

— சொல்லி முடிங்க.

— பால் எடுக்கற ரூம்ல பக்கத்து நாற்காலி. எனக்குச் சொட்டுச் சொட்டாத்தான் வரும். அவங்களுக்கு பாட்டில் நிறையும். முதல் நாள் எனக்கு எரிச்சலா வந்துச்சு, பொறாமைதான். மூணாவது நாள் நான் அழுதுட்டேன். அவங்க எழுந்து வந்து என் முதுகைத் தடவிக் குடுத்தாங்க. "எடுக்கற பாலெல்லாம் இங்க குடுக்கத்தான் வரேன், உன் பொண்ணு குடிக்கட்டும், நீ அழாத"ன்னாங்க. யார் பால் யாருக்குப் போகுதுன்னு ஆஸ்பத்திரியில சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த ரூம்ல இருந்தது நாங்க ரெண்டே பேர். எங்களுக்குத் தெரியாதா?

— அவங்க குழந்தை எந்தப் பெட்டியில இருக்கு?

— இல்ல.

— வேற வார்டா?

— இல்லண்ணே. குழந்தை இல்ல.

— ம்.

— வேற ஆஸ்பத்திரியில பொறந்துச்சாம். சுண்டு மாதிரியே அவசரக்குடுக்கை. குழந்தை போனப்புறமும் பால் நிக்கல. நிறுத்தறதுக்கு மாத்திரை குடுத்தாங்களாம். வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க, போடல. பஸ் மாறி பஸ் ஏறி இங்க வராங்க. ஒருநாள் கேட்டாங்க, "உன் பொண்ணை ஒரு தடவை தொட்டுக்கட்டுமா"ன்னு. எப்படி முடியாதுங்கறது? உள்ள விடறதுக்காக அக்கான்னு சொன்னேன். ஒரு தடவை தினமும் ஆயிடுச்சு. எனக்கும் ஒரு அக்கா இருந்தா நல்லாத்தான் இருந்துச்சு.

— கை எங்க வைப்பாங்க?

— வயித்துல. நான்கூட சொன்னேன், தலையில வைங்கக்கான்னு. "நான் குடுத்தது இங்கதானே இருக்கு"ன்னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லல.

— ம்.

— அந்தக் கைதான் என் பொண்ணைக் குளிர வச்சுதா?

— கை குளிர வைக்கலம்மா. கை சூடாத்தான் இருந்துச்சு. ஏமாந்தது இவன்.

— அவங்களுக்குத் தெரியவே கூடாதுண்ணே. தன் குழந்தை போனதுக்கே ஏதோ தான்தான் காரணம்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டு இருக்காங்க. பஸ்ல போனேன், படி ஏறினேன், அன்னிக்குப் பாத்து அதைத் தூக்கினேன், இப்படி ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இப்போ இன்னொரு குழந்தையையும் தன் கையே கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. ஆனா சுண்டுவுக்கு எடை ஏறணும். நேத்து ராத்திரி பூரா இதேதான். அவங்களை வராதீங்கன்னு சொல்லவும் வாய் வரல, சொல்லாம இருக்கவும் முடியல. நான் என்ன அம்மாண்ணே?

— வீட்ல அவங்களுக்கு யாரும் இல்லையா?

— வீட்டுக்காரர் இருக்காரு. இருக்காருன்னுதான் சொல்லணும். குழந்தை பேச்சையே எடுக்க மாட்டாராம். இவங்க எடுத்தா எழுந்து போயிடுவாராம். எப்பப் பாத்தாலும் வேலை, வேலை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, கல்லு மாதிரி இருக்காருன்னு சொன்னாங்க. பால் குடுக்கப் போறது மட்டும் அவருக்குத் தெரியுமாம். இங்க வந்து சுண்டுகிட்ட உக்காந்திருக்கறது தெரியாது. என்னண்ணே, என்ன விழுந்துச்சு?

— ஸ்க்ரூ. கை வழுக்கிடுச்சு.

— இருங்க, இதோ கட்டில் காலுகிட்ட கிடக்கு. உங்களுக்கு உடம்பு சரியில்லையா?

— ஒண்ணுமில்ல, குடுங்க. இப்போ என்ன பண்ணலாம்னா, யாரையும் வராதீங்கன்னு சொல்ல வேணாம். இவனுக்குச் சொல்லிக் குடுப்போம்.

— எதை?

— ஒருத்தர் பேச்சை மட்டும் கேட்டு முடிவு எடுக்காதேன்னு. அந்த வசதி இவன்கிட்டயே இருக்கு, அணைச்சு வச்சிருந்தாங்க. நேத்தே டாக்டர்கிட்டயும் எங்க கம்பெனியிலயும் பேசிட்டேன், ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. வயிறும் பாதமும் ஒத்துப்போனா இவன் வழக்கம்போல வேலை பாப்பான். ஒத்துப்போகலைன்னா ரெண்டையும் நம்ப மாட்டான். ஹீட்டரைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுக்கிட்டு சிஸ்டரைக் கூப்பிடுவான். சிஸ்டர் வந்து தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துத் தீர்ப்பு சொல்லணும்.

— அலாரம் கத்துமா? சுண்டு பயப்படுவா.

— கத்தாது. மெதுவா ஒரு மணிச் சத்தம். யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கும்.

— நிஜமாவே இது ஏமாறாதா?

— பாத்துடலாம். சிஸ்டர், ஒரு நிமிஷம் வரீங்களா? தெர்மாமீட்டரோட. நீங்க கையைக் கழுவிட்டு வாங்கம்மா. ஜன்னலைத் திறந்து, அந்த வெள்ளித்தாள் மேலயே உள்ளங்கையை வைங்க.

— அதுக்கு மேலயேவா? எனக்கு வேணாம்ண்ணே, பயமா இருக்கு.

— நானும் சிஸ்டரும் இங்கதான் இருக்கோம். வைங்க. அழுத்த வேணாம், சும்மா வச்சாப் போதும்.

— எவ்வளவு சின்ன வயிறு. இவ்வளவு நாள் நான் இங்க தொட்டதே இல்ல. மூச்சு விடறது கையில இடிக்குது.

— அப்படியே இருங்க. வயிறு ஏறுது. இன்னும் ஏறுது. ஹீட்டர் குறையல, பாத்தீங்களா? நேத்து இந்நேரம் குறைச்சிருப்பான். இப்போ யோசிக்கறான்.

— டிங்குன்னுது.

— கூப்பிடறான். ஏமாறல. சிஸ்டர், அக்குள்ல பாருங்க.

— முப்பத்தாறரை. நல்லா கதகதன்னுதான் இருக்கா. சரி சுண்டு அம்மா, கையை எடு, போதும். என்ன, எடுக்க மாட்டியா?

— இன்னும் கொஞ்ச நேரம் சிஸ்டர். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், இதை வச்சுக்கிட்டே சொல்லிடறேன். மத்தியானம் வர்ற எங்க அக்கா, எங்க அக்கா இல்ல. பால் குடுக்க வர்றவங்க.

— யாரு, அந்த மெலிஞ்ச பொண்ணா?

— ஆமா.

— அறிவிருக்கா உனக்கு? அவங்களுக்கு சளி காய்ச்சல்னு ஏதாவது இருந்திருந்தா, இந்த வரிசைல இருக்கற அத்தனை குழந்தைக்கும் என்ன பதில் சொல்லுவே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— கேட்டா முடியாதுன்னு சொல்லியிருப்பீங்க.

— சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அழாத, தையல் பிரியப் போகுது. அந்தப் பொண்ணு பால் பாட்டிலை நீட்டும்போது ஒருநாள் கேட்டேன், வீட்ல குழந்தைக்கு வச்சுட்டுத்தானே குடுக்கறேன்னு. தலையை ஆட்டிச்சு. எனக்கும் அப்புறம் கேக்கத் தோணல. அவங்ககிட்ட பால் வாங்கறதுக்காக ரத்தமெல்லாம் சோதிச்சுத்தான் இருக்கோம். டாக்டர்கிட்ட நான் பேசறேன். ஆனா திருட்டுத்தனமா மத்தியானத்துல வேணாம். சாயங்காலம் வரட்டும், நான் இருக்கும்போது. கையைக் கழுவி, கவுன் போட்டு, முறையா வரட்டும். தலையில கை வைக்கணும்னு நானே சொல்லிக் குடுக்கறேன், எல்லாருக்கும் சொல்ற மாதிரி.

— குளிர்ந்து போனதைப் பத்தி அவங்ககிட்ட...

— அதை நான் ஏன் பேசப் போறேன்? மெஷின்ல சென்சார் பத்தல, மெக்கானிக் வந்து இன்னொண்ணு போட்டுட்டாரு. அவ்வளவுதானே, என்னங்க?

— அவ்வளவுதான் சிஸ்டர்.

*

— அண்ணே, இங்க வாங்க, ரகசியம். சுண்டுவுக்கு எடை ஏறிடுச்சு. கொஞ்சம்தான். ஆனா டாக்டர் என்னைப் பாத்துச் சிரிச்சாரு, இவரு வேற யாரோன்னு ஆயிடுச்சு எனக்கு. ஜன்னலைப் பூட்டற பேச்சு இனிமே இல்லையாம். எல்லாப் பெட்டிக்கும் ரெண்டாவது சென்சார் போடச் சொல்லிட்டாராமே?

— அதுக்குத்தான் வந்தேன். கடைசிப் பெட்டியும் இப்பதான் முடிஞ்சுது.

— நீங்க இனிமே வர மாட்டீங்களா?

— வேலை இருந்தா வருவேன்.

— வேலை இல்லைன்னாலும் வாங்க. இவ வீட்டுக்குப் போற அன்னிக்காவது வரணும். இன்னிக்கு அந்த அக்கா வராங்க தெரியுமா? முதல் தடவையா முறைப்படி. சிஸ்டர் நேத்தே பால் ரூம்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. அவங்க என் கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க.

— பாதத்துல இருக்கற சென்சாரைப் பத்தி கேட்டாங்களா?

— கேட்டாங்க. இப்போ எல்லாக் குழந்தைக்கும் போடறாங்கன்னேன். அது பொய்யும் இல்லையே.

— இல்ல. பொய் இல்ல.

— வழக்கமா அஞ்சு மணி பஸ்ல போயிடுவாங்க, இன்னிக்கு அந்த பஸ்ல வரப் போறாங்க. இதோ, வர்ற நேரம்தான். நீங்க கிளம்பணும்னா கிளம்புங்கண்ணே, நான் உங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருக்கேன். என்ன, பையைக் கீழ வச்சுட்டீங்க? கையை ஏன் கழுவறீங்க? வேலைதான் முடிஞ்சுதே.

— முழங்கை வரைக்கும் கழுவணும்ல?

— ஆமா. எதுக்குண்ணே?

— இங்க பால் வாங்கிக்கறாங்கன்னு அவகிட்ட சொன்னதே நான்தாம்மா. எங்க குழந்தை இருந்த வரைக்கும் நான் மெஷினை மட்டுமே பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு தடவை கூட உள்ள கை விடல. இன்னிக்கு அவ வரும்போது, நானும் அவ பக்கத்துல நிக்கட்டுமா?